நவம்பர் இரவில் சாகை

ஓஹியோவுக்கு வந்த முதல் குளிர்காலம் ஜன்னலுக்கு உள்ளேயே கழிந்தது. ஐந்து, ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும். வேலை, சமையல், யூடியூப், தூக்கம், அவ்வளவுதான். இரண்டாவது நவம்பரில் ஒரு நாள், பக்கத்து வீட்டுப் பெரியவர் ராத்திரி ஏழு மணிக்கு வண்டியில் தூண்டில் கம்புகளை ஏற்றிக்கொண்டிருந்தார். இந்தக் குளிரில் எங்கே என்று கேட்டேன். "சாகை பிடிக்க. நீயும் வா" என்றார்.

நான் சிவகங்கைப் பக்கத்துக்காரன். கண்மாய் வற்றியதும் ஊரே ஊத்தாவும் கச்சாவுமாக இறங்கி, சேற்றைக் கலக்கி விராலும் கெளுத்தியும் அள்ளிக்கொண்டு வரும். மீன் பிடிப்பதில் எனக்குத் தெரிந்த நுணுக்கமெல்லாம் தண்ணீர் குறையும்வரை காத்திருப்பதுதான். இங்கே அது செல்லாது.

சாகை ஒரு கலப்பு மீன். வாலை, சாகர் என்று இங்கே இரண்டு நன்னீர் மீன்கள் உண்டு; பெண் வாலையின் முட்டையையும் ஆண் சாகரின் விந்தையும் சேர்த்து அரசு மீன் பண்ணைகளில் குஞ்சு பொரிக்க வைத்து, ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் ஏரிகளில் விடுகிறார்கள். (இந்த வாலைக்கும் நம்மூர் வாளைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.) இந்த மாநிலத்து நீர்த்தேக்கங்கள் பலவும் ஆழம் குறைந்தவை, கலங்கலானவை. வாலை அதில் சரியாகத் தேறாது, சாகை தேறிவிடும். கலப்பு, புது நீர், பிழைத்துக்கொள்வது என்று புலம்பெயர்ந்தவனுக்கு உவமை கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடக்கிறது. மீன் பாவம், விட்டுவிடலாம்.

முதலில் போனது இந்தியன் லேக். ஓஹியோவின் தலைநகரான கொலம்பஸிலிருந்து வடமேற்கே ஒன்றேகால் மணி நேரம். பெயரைக் கேட்டு நமக்காகவே வைத்தது என்று வீட்டில் ஒரு சிரிப்பு. அந்தக் காலத்தில் மியாமி-ஈரி என்ற படகுக் கால்வாய்க்குத் தண்ணீர் கொடுக்க உண்டாக்கிய நீர்த்தேக்கம் அது. அலையில் மண் கரையாமல் இருக்கக் கரையோரம் பாறாங்கற்களைக் கொட்டியிருப்பார்கள். தண்ணீர் குளிரக் குளிர, ஷாட் என்ற சின்ன மீன் கூட்டம் கூட்டமாக அந்தப் பக்கம் ஒதுங்கும். நம் மத்திக்குத் தூரத்துச் சொந்தம். இருட்டியதும் அதைத் தின்ன சாகை முழங்கால் ஆழத்துக்கே வந்துவிடும். அதன் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பியடிக்கும் ஒரு படலம் இருக்கிறது. இருட்டிலும் கலங்கலிலும் ஷாட்டுக்குத் தெரியாதது அதற்குத் தெரியும்.

பெரியவர் கொடுத்த மீன் வடிவத் தூண்டிலை வீசி, மெதுவாக இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுத்தேன். "இன்னும் மெதுவா" என்றார். கம்பின் வளையங்களில் பனிக்கட்டி படிந்து தூண்டில் நரம்பு ஓடவே மறுத்தது. கம்பை அப்படியே ஏரிக்குள் முக்கி எடுத்தார், கட்டி கரைந்துவிட்டது. காற்றைவிடத் தண்ணீர் சூடு என்பது அப்போதுதான் உறைத்தது. ஒன்றரை மணி நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு இடைநிறுத்தத்தில், ஈரத்துணி மாட்டியதுபோல ஒரு கனம். வெட்டி இழுக்கவே இல்லை, வெறும் கனம். பாசி என்று நினைத்தேன், பாசி தலையை ஆட்டியது. தலைவிளக்கு வெளிச்சத்தில் முதலில் தெரிந்தவை இரண்டு கண்கள், பூனையின் கண்போல. விரால் பழக்கத்தில் வாய்க்குள் கட்டைவிரலை விட்டேன். பல் இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

நான் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருக்க, பெரியவர் மீனின் முதுகுத் துடுப்பை விரித்துக் காட்டினார். முள்ளுக்கும் முள்ளுக்கும் நடுவிலுள்ள சவ்வில் கரும்புள்ளிகளும் கோடுகளும் இருந்தால் சாகை. வாலையில் அவை இருக்காது, பின்கோடியில் மட்டும் ஒரு கறுப்புத் திட்டு இருக்கும்.

அப்புறம் பழகிவிட்டது. ஜனவரியில் நாலு அங்குலம் தெளிந்த பனிக்கட்டி பிடித்தால் துளைபோட்டு, ஜிக் என்ற ஈயக் குண்டுத் தூண்டிலைத் தரைவரை இறக்கித் தட்டித் தட்டித் தூக்குவது. மார்ச்சில் சாகை மறுபடி கற்கரைக்கும் அணைக்கட்டுப் பக்கமும் வரும். அணை திறந்தால் தண்ணீரோடு வெளியேறியவை மதகுக்குக் கீழே நிற்கும். ஆலம் கிரீக் அணைக்குக் கீழே அப்படிச் சில மாலைகள் கிடைத்தன. கோடைதான் எனக்குச் சரிப்படவில்லை. படகில் ஏரிக்கு அடியிலுள்ள மேட்டுப் பகுதிகளைத் தேடி, மண்புழு கோத்த தூண்டிலையோ மீன் வடிவத் தூண்டிலையோ இழுத்துக்கொண்டே போக வேண்டும். என்னிடம் படகு இல்லை, இரவல் படகில் வெயில் பட்டதுதான் மிச்சம்.

லைசென்ஸ் கட்டாயம். உள்ளூர்க்காரர் கட்டணத்துக்கு ஓஹியோவில் ஆறு மாதம் குடியிருந்திருக்க வேண்டும். சில ஏரிகளில் 15 அங்குலத்துக்குக் குறைந்ததைத் திருப்பி விட்டுவிட வேண்டும். டேப்பை வீட்டில் மறந்துவிட்டு வந்து, சந்தேகப்பட்டு நல்ல மீனை விட்ட வயிற்றெரிச்சல் எனக்கு உண்டு.

அந்த முதல் மீனைப் பெரியவர் தன் கராஜிலேயே வைத்து இரண்டு பக்கச் சதையை மட்டும் சீவிக் கொடுத்தார். வெள்ளைச் சதை, முள் குறைவு, பெருமையோடு கொண்டுபோனேன். மனைவி பையைத் திறந்து பார்த்தாள்.

"தலை எங்கங்க?"

"குப்பையில போட்டுட்டார்."

"போய் எடுத்துட்டு வாங்க."

போனேன். பெரியவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். மறுநாள் புளியும் சின்ன வெங்காயமும் போட்டு வைத்த தலைக்கறிக் குழம்பில் ஒரு கிண்ணம் அவருக்குப் போனது. தும்மிக்கொண்டே சாப்பிட்டதாகச் சொன்னார். இப்போது அவர் பிடிக்கும் மீன்களின் தலைகளும் ஒரு பையில் எங்கள் வாசற்படிக்கு வந்துவிடுகின்றன. ஜனவரியில் மணியடிக்காமலே வைத்துவிட்டுப் போவார். காலையில் கல்லாக உறைந்து கிடக்கும்.