சிறுவாட்டுக் கணக்கு

மே 4, 2025, ஞாயிறு

இன்று கத்திரி ஆரம்பம். ஊரே வெயிலைத் திட்டிக்கொண்டிருக்கிறது. எனக்கு மட்டும் இன்னும் இரண்டு வாரம் இப்படியே காய்ந்தால் தேவலை. வடகம் போட்டிருக்கிறேன்.

எங்கள் வீடு நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில், கோரையாற்றங்கரையில். முன்கட்டு நாட்டு ஓடு, பின்கட்டு தளம் போட்டது. அந்தத் தளத்தில்தான் எல்லாம் காயும்.

மூன்று கிலோ சின்ன வெங்காயம். நேற்று முழுக்க உரித்து, இடித்து, ஊறவைத்த உளுந்தை ஒன்றிரண்டாக ஆட்டிச் சேர்த்து, கடுகு, சீரகம், வெந்தயம், பூண்டு, கறிவேப்பிலை, மஞ்சள்தூள், உப்பு எல்லாம் போட்டுப் பிசைந்து பானையில் மூடி வைத்தேன். காலையில் திறந்தால் வெங்காயம் நீர் விட்டிருந்தது. பிழிந்து எடுத்துச் சக்கையை மட்டும் காயவைத்தேன். சாயங்காலம் அந்த நீரிலேயே திரும்பப் போட்டுப் புரட்டி மூட வேண்டும். பானையில் நீர் வற்றுகிற வரைக்கும் தினமும் இதே வேலைதான். அப்புறம் கையில் விளக்கெண்ணெய் தொட்டு உருண்டை பிடித்து, கல் மாதிரி ஆகும் வரை வெயில். கை மணம் ஒரு வாரத்துக்குப் போகாது.

"வருசம் பூரா குழம்புக்குத் தாளிக்க இது போதும், எவ்வளவு மிச்சம் பாருங்க அத்தை" என்றேன்.

அத்தைக்கு எழுபத்தாறு வயது. பிழிந்த சக்கையை விரலால் கிளறிக்கொண்டே, "மிச்சங்கிறியே, எங்க இருக்கு அது? எடுத்துக் காட்டு" என்றார்.

பதில் சொல்லத் தெரியவில்லை.

மே 11, ஞாயிறு

அத்தையின் கேள்வி ஒரு வாரமாக மண்டையைக் குடைகிறது. உண்மைதானே. தையல்காரரிடம் கொடுக்காமல் நானே ஓரம் அடித்தேன், கடையில் வாங்காமல் வீட்டிலேயே பொடி அரைத்தேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன். மாசக் கடைசியில் பார்த்தால் கையில் அதே இருநூறு ரூபாய்தான். மிச்சமானது எல்லாம் வேறு எதிலோ கரைந்துவிடுகிறது.

இன்று அவரிடமே கேட்டேன். அவர் காலத்துச் சிறுவாடு பற்றிச் சொன்னார். முட்டை விற்ற காசு, வரட்டி விற்ற காசு, மாமா நெல் போட்டுவிட்டு வந்து கொடுப்பதில் கிள்ளி எடுத்தது எல்லாம் கடுகுப் பானைக்குள் போகுமாம். அப்படிச் சேர்த்த காசில் ஒரு கிடாரிக் கன்று வாங்கியிருக்கிறார். "உங்க மாமாகிட்ட எங்க அண்ணன் குடுத்ததுன்னுட்டேன்" என்று சொல்லி இன்றைக்கும் சிரிக்கிறார்.

"நூறு ரூவா வேலைய நீயே செஞ்சியா, அந்த நூறு அன்னிக்கு ராத்திரிக்குள்ள டப்பாவுக்குள்ள விழுவணும். இல்லேன்னா அது வாய்ப்பேச்சு."

சரி என்று காலி ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றைக் கழுவித் துடைத்து வைத்திருக்கிறேன். வடகத்துக்கு வெங்காய விலை, பருப்பு விலை எல்லாம் கழித்துப் பார்த்ததில் 200 ரூபாய் போடலாம் என்று பட்டது. போட்டேன். இனிமேல் செய்கிற வேலையெல்லாம் இங்கே எழுதப்போகிறேன். நஷ்டமானால் அதையும்.

மே 23, வெள்ளி

கூடத்து மின்விசிறி பத்து நாளாகக் கிழவன் நடை நடந்தது. ஐந்தில் வைத்தாலும் இறக்கைகளை எண்ணலாம். கையால் ஒரு தள்ளு தள்ளினால் கொஞ்சம் வேகம் எடுக்கும். இப்படி இருந்தால் பெரும்பாலும் மோட்டாரைச் சுழலத் தூண்டுகிற கெப்பாசிட்டர் போய்விட்டது என்று அர்த்தம், மோட்டார் அல்ல. இதை எனக்குச் சொன்னது தஞ்சாவூரில் பாலிடெக்னிக் படிக்கும் பெரியவள்.

மெயினையே அணைத்துவிட்டு மேசை மேல் ஏறினேன். தண்டின் அடியில் இருக்கிற கிண்ணத்தின் திருகைத் தளர்த்தி மேலே நகர்த்தினால், உள்ளே கட்டைவிரல் மாதிரி வெள்ளை உருளை ஒன்று. அதன் அளவு 2.5 மைக்ரோஃபாரட் என்று மேலே எழுதியிருந்தது. அதில் மின்சாரம் தேங்கி இருக்கும், வெறும் கையால் தொடாதே என்று பெரியவள் போனிலேயே கத்தினாள். மரப்பிடி திருப்புளியால் இரண்டு ஒயர் முனையையும் சேர்த்துத் தொட்டேன். லேசாக 'டிக்' என்றது, அவ்வளவுதான். எந்த ஒயர் எங்கே இருந்தது என்று போட்டோ எடுத்துக்கொண்டு, பழையதைக் கையோடு கடைக்கு எடுத்துப்போய் அதே அளவு கேட்டேன். 70 ரூபாய். அளவு மாறினால் மோட்டார் சூடேறும் என்று கடைக்காரரும் சொன்னார்.

இப்போது மூன்றில் வைத்தாலே காலண்டர் பறக்கிறது. எலக்ட்ரீசியன் வந்திருந்தால் சாமானோடு சேர்த்து 350 ஆகியிருக்கும். ஆகவே 280 பாட்டிலுக்கு. மொத்தம் 480.

என் வீட்டுக்காரர் சாயங்காலம் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, "யாரு வந்தா?" என்றார். யாரும் வரவில்லை என்றேன்.

ஜூன் 13, வெள்ளி

நேற்று மேட்டூர் அணை திறந்தாயிற்று. ஜூன் 12 தவறாமல் திறந்தாலே இங்கே முகங்கள் மாறிவிடும். தண்ணீர் கல்லணை வந்து, வெண்ணாற்றில் இறங்கி, மூணாறு தலைப்பில் மூன்றாகப் பிரிந்து எங்கள் கோரையாற்றுக்கு வர இன்னும் நாளாகும். அதற்குள் டீக்கடையில் குறுவை நெல்லுக்கு என்ன ரகம் என்று பேச்சு தொடங்கிவிட்டது.

எனக்கு இன்று வேறு கணக்கு. கரண்ட் ரீடிங் எடுக்க வந்தார்கள். 486 யூனிட்!

இந்த 486-க்குப் பின்னால் இரண்டு மாத உழைப்பு இருக்கிறது. நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கு. இந்த 2025-ல் வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பது எல்லோருக்கும் தெரியும். 500 யூனிட்டில் ஒரு பள்ளம் இருப்பது பலருக்குத் தெரியாது. 500-க்குள் இருந்தால் 101 முதல் 200 வரைக்கும் பாதி விலைதான். 500-ஐ ஒரு யூனிட் தாண்டினாலும் அந்தச் சலுகை பழைய யூனிட்டுக்கும் சேர்த்துப் போய்விடும், தாண்டியதற்கு விலையும் அதிகம். 510 ஓடினால் 500-க்குக் கட்டுவதைவிட முந்நூறு ரூபாய்க்கு மேல் கூடுகிறது. பத்து யூனிட்டுக்கு முந்நூறு!

அதனால் ஞாயிற்றுக்கிழமை தோறும் மீட்டரைப் பார்த்துக் காலண்டர் தாளில் குறித்து வந்தேன். எது தின்கிறது என்று அப்போதுதான் பிடிபட்டது. ஏசி நம் வீட்டில் இல்லை, அயர்ன் பாக்ஸ் வாரம் ஒரு நாள். குற்றவாளி தண்ணீர் மோட்டார். ஒரு ஹெச்பி மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய ஒரு யூனிட். போட்டுவிட்டு மறந்து, தொட்டி வழிந்து, கொல்லை வாழைக்குப் பாய்ந்துகொண்டிருந்தது தினமும் அரைமணி நேரம். இப்போது மோட்டார் போட்டால் சமையலறை டைமரில் மணி வைக்கிறேன். வாழைக்குப் பாத்திரம் கழுவிய தண்ணீர்.

300 போட்டேன். மொத்தம் 780.

ஜூன் 30, திங்கள்

நேற்று மேட்டூர் 120 அடியைத் தொட்டு நிரம்பிவிட்டது. அதே நாள் எங்கள் குளியலறையும் நிரம்பியது.

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. வாஷர் மாற்றினால் போதும். மாற்றத் தெரியும், நாலைந்து தரம் மாற்றியிருக்கிறேன். ஆனால் மின்விசிறி சரிசெய்த மிதப்பில், குழாயையே கழற்றிப் கசிவை அடைக்கிற டெஃப்லான் டேப் புதிதாகச் சுற்றிப் போடலாம் என்று ஆசைப்பட்டேன். ஸ்பேனரைப் பிடித்து ஒரு திருகு. குழாய் வந்தது. கூடவே சுவருக்குள் இருந்த பிவிசி இணைப்பும் பாதி ஒடிந்து வந்தது. மேல்தொட்டித் தண்ணீர் முழுக்க என் முகத்தில். வால்வை மூட ஓடினால் அது துருப்பிடித்துத் திரும்பவில்லை. அத்தை வாளி வாளியாகப் பிடித்துக்கொண்டு, "குறுவைக்கு முன்னாடி நமக்கு வந்துருச்சுடி தண்ணி" என்றார். சின்னவன் வீடியோ எடுத்தான்.

பிளம்பர் வந்து சுவரை உடைத்து, புதுத் துண்டு ஒட்டி, பூசிவிட்டு 850 வாங்கினார். முதலிலேயே அவரைக் கூப்பிட்டிருந்தால் 250-ல் முடிந்திருக்கும். ஆக நஷ்டம் 600. பாட்டிலைத் திறந்து எண்ணி எடுத்தேன். உள்ளே போட்டபோது இல்லாத கனம் எடுக்கும்போது இருந்தது. மொத்தம் 180.

துருப்பிடித்த வால்வையும் மாற்றச் சொல்லியிருக்க வேண்டும். கோபத்தில் மறந்துவிட்டேன்.

ஜூலை 15, செவ்வாய்

சின்னவனின் பள்ளிப் பை ஜிப், இரண்டு கால்சட்டை ஓரம். 120 போட்டேன். மொத்தம் 300.

பாத்திரம் துலக்கச் சாம்பல்தான் நல்லது என்று எங்கோ பார்த்துவிட்டு அத்தையிடம் சொன்னேன். "காஸ் அடுப்புல சாம்பலுக்கு எங்கடி போவ? சாம்பலுக்காக விறகு வாங்கி எரிப்பியா?" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. கோரையாறு கரை தொட்டு ஓடுகிறது. காலையிலேயே கலந்த சாதம் கட்டிக்கொண்டு படித்துறைக்குப் போய், காதோலை கருகமணி விட்டு, எல்லோருக்கும் மஞ்சள் கயிறு கட்டிவிட்டு வந்தோம்.

இந்தத் தடவை சின்னவனுக்குச் சப்பரம், அதாவது பிள்ளைகள் இழுக்கிற சின்னத் தேர், கடையில் வாங்கவில்லை. நீடாமங்கலத்தில் சின்னதே 150 சொன்னார்கள். இவர் சிறுவயதில் எப்படிச் செய்தாரோ அப்படியே செய்வோம் என்று நேற்று ராத்திரி உட்கார்ந்தார். அடிப்பலகைக்கு 2018 கஜா புயலில் சாய்ந்த எங்கள் தென்னையின் துண்டு. அந்த வருடம் கொல்லையில் பதினொரு மரம் போனது. அறுத்து வைத்த பலகையில் ஒன்று திண்ணை பெஞ்சாகிவிட்டது, மீதி இப்படி ஏதாவதற்கு உதவுகிறது. சக்கரத்துக்குப் பழைய ரப்பர் செருப்பு. தம்ளரைக் கவிழ்த்து வட்டம் போட்டு, பிளேடைத் தண்ணீரில் நனைத்து நனைத்து அறுத்தால் ரப்பர் வெண்ணெய் மாதிரி போகிறது. என் செருப்பு நீலம், அவருடையது பச்சை. முன்சக்கரம் நீலம், பின்சக்கரம் பச்சை. மூங்கில் குச்சி, கலர் காகிதம், கல்யாணப் பத்திரிகைப் பிள்ளையார்.

தெருவில் பன்னிரண்டு சப்பரம் ஓடியது. சத்தமில்லாமல் ஓடியது எங்களுடையதுதான்.

150 ரூபாயைப் பாட்டிலில் போடப் போனபோது சின்னவன் மறித்தான். "செஞ்சது நானும் அப்பாவும். மிச்சம் எங்களோடதுதானே?" இதற்கு அத்தையிடம் தீர்ப்பு கேட்டோம். "அவன் சொல்றது நாயம்" என்றுவிட்டார். 75 அவனுக்கு, 75 இவருக்கு. இவர் சாயங்காலம் வடை வாங்கி வந்தார்.

செப்டம்பர் 14, ஞாயிறு

வேலியோரம் போட்ட அவரையும் புடலையும் ஐந்து வாரமாகப் பறிக்கிறேன். வாரம் நூறு ரூபாய்க் காய் வாங்கவில்லை. 500. மொத்தம் 800.

புடலங்காய் வேண்டாம் என்று வீட்டில் எல்லோரும் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள்.

செப்டம்பர் 25, வியாழன்

மழைக்கு முன்னால் முன்கட்டு ஓடு மாற்ற வேண்டியிருந்தது. பூனை நடந்தே பாதி ஓடு நகர்ந்திருந்தது. இவர், "நானே ஏறிப் பாத்துடுறேன்" என்றார். அரைவை மில்லில் குறுவை நெல் குவிந்து கிடக்கிற நேரம், லீவும் கிடையாது, வயதும் ஐம்பத்திரண்டு. சட்டம் எங்கே உளுத்திருக்கிறது என்று மேலிருந்து தெரியாது. நான் குழாய்க் கதையைச் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. அத்தை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான்.

ஓடு வேலைக்கு எங்கள் ஊரில் இருப்பது ஒரே பெரியவர். நாள் கூலி ஆயிரம், இரண்டு நாளாகும் என்றார். பாட்டிலில் இருந்த 800-ம், இவர் ஒதுக்கிய 1200-ம்.

அவர் வருவதற்கு முதல் நாள் உச்சி வேளையில் நான் ஒரு வேலை செய்தேன். கதவு, சன்னல் எல்லாம் சாத்திவிட்டுக் கூடத்தில் பாய் போட்டு மல்லாந்து படுத்தேன். இருட்டில் ஓட்டைகள் எல்லாம் நட்சத்திரம் மாதிரி தெரிந்தன. வெளிச்சம் விழுந்த இடத்துக்கு நேர் மேலே, ஒட்டடைக் கம்பின் நுனியில் சாக்பீஸைக் கட்டிச் சட்டத்தில் கோடு போட்டேன். இருபத்து மூன்று இடம்.

பெரியவர் வந்து அண்ணாந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஏறி, கோடு போட்ட இடங்களில் மட்டும் பிரித்தார். ஒவ்வொரு ஓடாக எடுத்து விரல் கணுவால் தட்டிக் காதருகே வைத்துக் கேட்பார். கணீர் என்றால் திரும்பப் போகும், பொத்தென்றால் கீழே. நாட்டு ஓடு இப்போது எங்கள் பக்கம் யாரும் சுடுவதில்லை. இடித்த வீட்டிலிருந்து வாங்கி மாட்டுக்கொட்டகையில் அடுக்கியிருந்ததில் நாற்பது எடுத்துக்கொடுத்தேன்.

இன்று மத்தியானத்தோடு வேலை முடிந்துவிட்டது. "ஒன்றரை நாளுதாம்மா. அடையாளம் போட்டதால தேடுற வேல இல்ல" என்று அவரே சொல்லி 1500 மட்டும் வாங்கிக்கொண்டார். வற்புறுத்தியும் மேலே வாங்கவில்லை. சாப்பாடு போட்டு அனுப்பினோம். வடகக் குழம்பு.

இவர் கொடுத்ததில் மீந்த 500-ஐக் கேட்டு வாங்கிப் பாட்டிலில் போட்டேன். கொடுக்கும்போது கொஞ்சம் யோசித்தார்.

அக்டோபர் 17, வெள்ளி

வடகிழக்குப் பருவமழை நேற்றுத் தொடங்கிவிட்டதாகச் செய்தியில் சொன்னார்கள். ராத்திரி எழுந்து டார்ச்சோடு கூடம் முழுக்கச் சுற்றினேன். இருபத்து மூன்று இடமும் காய்ந்து கிடந்தது. நெல் பத்தாயம் இருக்கிற மூலையில் மட்டும் சொட்டு. அன்றைக்குப் பத்தாயம் மறைத்ததால் அந்த ஓட்டை கண்ணில் படவில்லை. அத்தை எனக்கு முன்னாலேயே எழுந்து அங்கே பித்தளைப் போகணியை வைத்துவிட்டுப் போய்ப் படுத்திருந்தார்.

தீபாவளிக்கு இன்னும் மூன்று நாள். சின்னவன் ஹார்லிக்ஸ் பாட்டில் பக்கமே நடமாடுகிறான். இவரும் நேற்று, "அதுல எவ்வளவு இருக்கு?" என்று சும்மா கேட்பது போல் கேட்டார். பாட்டிலைக் காலி செய்து, பணத்தை ஒரு பானைக்குள் மாற்றிவிட்டேன். எந்தப் பானை என்று இங்கே எழுதமாட்டேன். பெரியவள் இதைப் படித்துவிட்டு அப்பாவிடம் போட்டுக்கொடுத்துவிடுவாள்.