லிங்கர் பார்ப்பது பெயரும் தூரமும்தான்

ஏவிஆர் மாதிரி சின்ன மைக்ரோகன்ட்ரோலருக்கு அசெம்பிளியில் எழுதும்போது லிங்கர் (தனித்தனி ஃபைல்களை இணைத்து ஒரே புரோகிராமாக்கும் கருவி) 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' என்று எரர் காட்டினால், உடனே புரோகிராமில் கை வைக்காதீர்கள். முதலில் ஒவ்வொரு ஆப்ஜெக்ட் ஃபைலையும் (அசெம்பிள் ஆகி வந்த ஃபைல்), அதிலுள்ள பெயர்களைப் பட்டியலிடும் ஏவிஆர்-என்எம் கருவியில் கொடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஓர் எழுத்து வரும்: பெரிய 'டி' என்றால் அந்த லேபிள் (புரோகிராமில் ஓர் இடத்துக்கு வைத்த பெயர்) வெளியே தெரிகிறது, சின்ன 'டி' என்றால் அந்த ஃபைலுக்குள்ளேயே நின்றுவிட்டது, 'யு' என்றால் இந்த ஃபைலுக்கு அது வெளியிலிருந்து வேண்டும். ஓரிடத்தில் 'யு', இன்னோரிடத்தில் அதே பெயருக்குச் சின்ன 'டி' என்றால் விஷயம் முடிந்தது, லேபிளுக்கு ஒரு 'டாட் குளோபல்' வரி போதும். அழைப்பது சி++ ஃபைலாக இருந்தால் கம்பைலர் பெயரோடு ஒட்டு சேர்த்துவிடும், அங்கே எக்ஸ்டர்ன் 'சி' என்று அறிவிக்க வேண்டும்.

'மெயின்' இல்லை என்று வருவது வேறு கதை. ஏவிஆர்-ஜிசிசி தானாகவே சேர்க்கும் ஸ்டார்ட்அப் பகுதிதான் அதைத் தேடுகிறது. மெயின் என்று ஒரு குளோபல் லேபிள் வையுங்கள். இல்லையென்றால் 'நோஸ்டார்ட்ஃபைல்ஸ்' கொடுக்கலாம், ஆனால் அப்புறம் வெக்டர் டேபிள் (எந்த இன்டரப்ட் வந்தால் எங்கே போக வேண்டும் என்ற பட்டியல்), ஸ்டாக் எல்லாம் உங்கள் பொறுப்பு.

'ரீலொகேஷன் ட்ரன்கேட்டட்' என்றால் பெயர் கிடைத்துவிட்டது, தூரம்தான் எட்டவில்லை. ஆர்ஜம்ப் (தாவும் கட்டளை), ஆர்கால் (அழைக்கும் கட்டளை) இரண்டும் முன்னும் பின்னும் சுமார் 2048 வேர்டு (ஒரு வேர்டு இரண்டு பைட்) வரைதான் போகும். 32 கேபி உள்ள அட்மெகா328பி-யில் தூரமாகப் போகும் ஜம்ப், கால் என்று மாற்றினால் சரியாகிவிடும். பிஆர்என்இ மாதிரி நிபந்தனை பார்த்துத் தாவும் கிளைகளுக்கு இன்னும் குறைவு, பின்னால் 64, முன்னால் 63 வேர்டு. அங்கே நிபந்தனையைத் திருப்பிப் போட்டு நடுவில் ஓர் ஆர்ஜம்ப் வைப்பதுதான் வழி.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது எரரே வராத ஒன்று. ஃபைல் பெயர் டாட் சின்ன 'எஸ்' என்று முடிந்தால் ப்ரீபிராசசர் ('#' வரிகளை முன்கூட்டியே விரித்துத் தரும் பகுதி) ஓடாது, '#' போட்ட இன்க்ளூட் வரி வெறும் கமென்ட் ஆகிவிடும், டைமர்0 ஓவர்ஃப்ளோ வெக்டரின் பெயர் எண்ணாக மாறாமல் சாதாரண லேபிளாகவே நிற்கும். லிங்கருக்கு அதில் குறையே தெரியாது. ஆனால் இன்டரப்ட் (ஹார்ட்வேர் குறுக்கிட்டு அழைப்பது) வந்ததும் சிப் புரோகிராமை முதலிலிருந்து தொடங்கும், ஆட்கள் பவர் சப்ளையைச் சந்தேகப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். டாட் பெரிய 'எஸ்' என்று மாற்றி, திரும்ப என்எம் ஓட்டுங்கள்: அட்மெகா328பி-யில் அந்த இடத்தில் வெக்டர் 16 என்ற பெயர் பெரிய 'டி'-யோடு இருக்க வேண்டும்.