தடம் எண் எப்போது வரும்?

நியூயார்க் ரயில் நிலையங்களின் டிஸ்பிளே போர்டுகளுக்கான மென்பொருளில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். போர்டில் மணியும் ஊர்ப் பெயரும் ஒரு சிக்கலும் தராது. வண்டி எந்தத் தண்டவாளத்தில் நிற்கும் என்று சொல்லும் தடம் எண்தான் தலைவலி. வண்டி கிளம்ப எத்தனை நிமிடம் இருக்கும்போது அதைக் காட்டுவது? கூட்டத்துக்குக் கூட்டம் இதே பேச்சுதான். இதற்கான பதிலை நூறு வருடத்துக்கு முந்தைய கட்டட வரைபடங்களில்தான் தேட வேண்டியிருந்தது.

நகரத்தின் இரண்டு பெரிய ரயில் நிலையங்களைப் பார்ப்போம். முதலில் கிராண்ட் சென்ட்ரல். 1902 ஜனவரியில் பார்க் அவென்யூ சுரங்கத்தில் புகை மண்டிக் கிடக்க, ஓட்டுநருக்கு சிக்னல் தெரியாமல் போய், நின்றிருந்த வண்டிமேல் இன்னொரு வண்டி மோதியது. 15 பேர் செத்துப்போனார்கள். 1908-க்குப் பிறகு மன்ஹாட்டனுக்குள் நீராவி எஞ்சினே கூடாது என்று சட்டம் போட்டார்கள். நியூயார்க் சென்ட்ரல் ரயில்வேயின் தலைமைப் பொறியாளர் வில்லியம் வில்கஸ் யோசித்த விதம் எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். மின்சார வண்டிக்குப் புகை கிடையாது. புகை இல்லையென்றால் தண்டவாளத்துக்கு மேலே வெட்டவெளி எதற்கு? தடங்களை இரண்டு அடுக்காக நிலத்துக்குக் கீழே இறக்கிவிடலாம், மேலே கட்டடம் கட்டிக்கொள்ளும் உரிமையை மற்றவர்களுக்குக் கொடுத்து வருமானமும் பார்க்கலாம் என்றார்.

அப்படி வந்ததுதான் 1913-ல் திறந்த நிலையம். 44 நடைமேடைகள். தொலைதூர வண்டிகளுக்கு மேல்தளம், புறநகர் வண்டிகளுக்குக் கீழ்த்தளம். தளங்களுக்கு நடுவே இறங்க சரிவுப்பாதைகள் இருக்கின்றன. பெட்டியை இழுத்துக்கொண்டு அதில் நடந்து பாருங்கள், வழி கேட்கவே தோன்றாது. இது வண்டிகள் வந்து முடிகிற நிலையம் என்பதால், கிளம்ப வேண்டிய வண்டி முன்னதாகவே நின்றுகொண்டிருக்கும். தடம் எண்ணை நிம்மதியாக முன்கூட்டியே காட்டலாம். இங்கே இன்னொரு நல்ல வழக்கமும் உண்டு: போர்டில் 5.20 என்றிருந்தால் வண்டி 5.21-க்குத்தான் நகரும். கடைசி நொடியில் ஓடி வருபவருக்கென்று ஒரு நிமிடம்.

பென் ஸ்டேஷன் கதை வேறு. பென்சில்வேனியா ரயில்வேயில் வந்தவர்கள் 1910 வரை ஜெர்சி சிட்டியில் இறங்கி, ஹட்சன் ஆற்றைப் படகில்தான் தாண்டினார்கள். ஆற்றுக்கு அடியில் சுரங்கம் தோண்டி, ரோமாபுரியின் கரகல்லா குளியல் மாளிகையை மாதிரியாக வைத்து ஒரு பிரம்மாண்டமான நிலையம் கட்டினார்கள். கிளம்புபவர்களும் வந்து இறங்குபவர்களும் முட்டிக்கொள்ளாமல் இருக்க, இறங்குபவர்கள் வெளியேறத் தனித் தளமே இருந்தது. நெடுஞ்சாலையும் விமானமும் பயணிகளை அள்ளிக்கொண்டு போனபின் 1963 அக்டோபரில் இடிப்பு தொடங்கியது. மேலே மேடிசன் ஸ்கொயர் கார்டன் என்ற விளையாட்டு அரங்கம் எழுந்தது. கீழே 21 தடங்களும் அப்படியே. 1991-ல் கிராண்ட் சென்ட்ரலில் எஞ்சியிருந்த தொலைதூர வண்டிகளும் இங்கேயே வந்து சேர்ந்தன.

பென்னில் பல வண்டிகள் ஒரு ஆற்றுக்கு அடியில் வந்து இன்னொரு ஆற்றுக்கு அடியில் போய்விடும். நடைமேடையோ குறுகல். இறங்கியவர்கள் மேலே ஏறி முடிப்பதற்குள் புதுக் கூட்டத்தை இறக்கிவிட்டால் படிக்கட்டிலேயே நெரிசல்தான். அதனால் எண் கடைசி நிமிடங்களில்தான் வரும். அதுவரை நூற்றுக்கணக்கானவர்கள் போர்டை அண்ணாந்து பார்த்தபடி நிற்பார்கள். எண் விழுந்த கணம் மொத்தக் கூட்டமும் ஒரே கதவை நோக்கித் திரும்பும். முதியவர் ஒருவர் தடுமாறி, பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தபிறகு அந்த எண்ணை என்னால் வெறும் தரவாகப் பார்க்க முடியவில்லை.

பென்னை இடித்த கோபத்தில்தான் 1965-ல் நகரம் பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் சட்டம் கொண்டுவந்தது. கிராண்ட் சென்ட்ரல் தலையில் ஒரு கோபுரம் ஏறாமல் 1978-ல் உச்ச நீதிமன்றம் காப்பாற்றியதும் அந்தச் சட்டத்தை வைத்துத்தான். பென்னுக்கு எதிரே இருந்த பழைய தபால் நிலையத்துக்குள் 2021-ல் மொய்னிஹான் என்ற புதிய பயணிகள் கூடம் திறந்தது. கண்ணாடிக் கூரை, நல்ல வெளிச்சம். ஆனால் கீழே போனால் அதே தடங்கள், அதே குறுகல்.

முடிவெடுக்கிற இடத்தில் நான் இருந்தால், சில தடங்களை இழந்தாவது நடைமேடைகளை முதலில் அகலப்படுத்துவேன். அதற்கப்புறம் எந்த மென்பொருளிலும் எண்ணை இருபது நிமிடம் முன்பே காட்டலாம்.