ஒரு வேனும் மூன்று மொழிகளும்

மலையக நீதிமன்றங்களில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளனாக இருந்த காலத்தில் தாபரிப்பு வழக்குகளும் காணிச் சண்டைகளுமே பெரும்பாலும் என் கைக்கு வந்தன. வெளிநாட்டில் களவுபோனதாகச் சொல்லப்பட்ட வாகனமொன்றின் கோவை ஒரே ஒரு தடவைதான் வந்தது. அதில் நான் விட்ட பிழையால் அந்தக் கோவை இன்னும் மறக்கவில்லை.

ஜப்பானில் பாவித்து இங்கு இறக்குமதியான பழைய டொல்பின் வேன் அது. தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்த சாரதி, அதன் மூன்றாவது சொந்தக்காரர், காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் பிறகு மரக்கறியையும் ஏற்றிப் பிழைத்துவந்தார். ஒருநாள் பொலிஸார் வேனைக் கொண்டுபோய் நிலைய முற்றத்தில் நிறுத்திவிட்டு, விசாரணை விபரத்தை நீதிமன்றத்துக்குத் தெரிவிக்கும் ‘பி’ அறிக்கையை நீதவானுக்குச் சமர்ப்பித்தார்கள். சிங்களத்தில் எழுதப்பட்ட தம் வாக்குமூலத்தில், ஒரு வரியும் வாசிக்கத் தெரியாமலே சாரதி கையொப்பமிட்டிருந்தார்.

“நா காசு குடுத்துத்தானே சேர் வாங்குனேன், லீசிங்கும் மாசா மாசம் கட்டிக்கிட்டுத்தானே இருக்கேன்?” என்று என்னிடம் கேட்டார். இந்தக் கேள்விக்குச் சட்டம் இரண்டு விதமாகப் பதில் சொல்கிறது. களவுப் பொருள் என்று அறிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வைத்திருந்தால்தான் தண்டனைச் சட்டக்கோவையின் 394 ஆம் பிரிவின்கீழ் குற்றமாகும். ஆகவே அவர் குற்றவாளி அல்லர். ஆனால் நம் நாட்டில் வழங்கும் ரோமன் டச்சுச் சட்டப்படி, நல்லெண்ணத்தோடு விலைகொடுத்து வாங்கியவரிடமிருந்தும் உண்மையான உரிமையாளர் தம் பொருளைத் திருப்பிக் கேட்கலாம். கொடுத்த காசு நேர்மைக்குச் சாட்சியாகுமே தவிர உரிமையைத் தந்துவிடாது. இதை அவரிடம் சொல்வது எனக்குச் சங்கடமாகவே இருந்தது.

இன்டர்போல் அமைப்பு களவுபோன மோட்டார் வாகனங்களுக்கெனத் தனித் தரவுத்தளம் வைத்திருக்கிறது. அதில் ஓர் இலக்கம் பொருந்திவிட்டால் காரியம் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அங்கேதான் காரியம் தொடங்குகிறது: பதிவைச் செய்த நாட்டிடம் அது இன்னும் செல்லுபடியானதா என்று கேட்டு உறுதிப்படுத்த வேண்டும். பல நாட்டு வாகனங்களில் 17 எழுத்துகளும் எண்களும் கொண்ட அடையாள இலக்கம் இருக்கும். 1, 0 ஆகியவற்றோடு குழம்பக்கூடாது என்று ஐ, ஓ, கியூ ஆகிய ஆங்கில எழுத்துகளை அதில் சேர்ப்பதில்லை. ஜப்பானின் உள்ளூர்ச் சந்தைக்காகச் செய்த வாகனங்களிலோ மாதிரிக் குறியீடும் தொடர் இலக்கமும் கொண்ட குறுகிய சேஸி இலக்கமே உண்டு. ஓர் எண்ணை மாற்றிப் படித்தால் அது வேறொருவரின் வேனாகிவிடும். கிரீஸும் துருவும் படிந்த அடிச்சட்டத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, ஒவ்வோர் எண்ணாக வாசித்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

என் பிழைக்கு வருகிறேன். வெளிநாட்டிலிருந்து வந்த ஆங்கிலக் கடிதம், வாகனம் ‘களவுபோனதாக அறிவிக்கப்பட்டுள்ளது’ என்றே சொன்னது. சாரதிக்கென்று செய்த தமிழ்ப் பிரதியில் நான் ‘களவுபோன வாகனம்’ என்று சுருக்கிவிட்டேன். அதை வாசித்த மனிதர் எல்லாம் தீர்ந்துவிட்டதென்று எண்ணி, வேனில் தமக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை என எழுதிக் கொடுக்க ஆயத்தமானார். அவருடைய இளம் சட்டத்தரணி மூலக்கடிதத்தையும் என் பிரதியையும் அருகருகே வைத்து, “ஐயா, இது முறைப்பாடு மட்டும்தானே, தீர்ப்பு இல்லையே?” என்று கேட்டபோது முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அன்றே திருத்திய பிரதியைக் கையளித்தேன்.

குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 431 ஆம் பிரிவின்கீழ் நீதவான் ஆராய்வது, பொலிஸார் கைப்பற்றிய பொருளை யாரிடம் கையளிப்பது என்பதையே. உரிமைப் பிணக்கு மாவட்ட நீதிமன்றத்துக்குரியது. வெளிநாட்டிலிருந்து சான்று பெற 2002 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கச் சட்டம் உண்டு. கோரிக்கைகள் நீதி அமைச்சின் செயலாளர் ஊடாகப் போகவேண்டும். களவுபோன வாகனங்களைத் திருப்பிக் கொடுப்பதற்கென 1997 இல் ஐக்கிய நாடுகளின் பொருளாதார சமூகப் பேரவை ஒரு மாதிரி ஒப்பந்தத்தை வகுத்தது. இரு நாடுகள் கையொப்பமிட்டாலன்றி அந்த மாதிரி யாரையும் கட்டுப்படுத்தாது.

பதினொரு மாதம் கழித்து வெளிநாட்டிலிருந்து பதில் வந்தது. நட்டஈடு கொடுத்து முடித்திருந்த காப்புறுதி நிறுவனத்துக்கே அங்கு உரிமை மாறியிருந்தது; கப்பற்கூலி வேனின் பெறுமதியை மிஞ்சும் என்பதால் அதை மீளக் கோரவில்லை என்று அந்நிறுவனம் எழுதியிருந்தது. தவணைகள் தீரும்வரை பூரண உரிமையாளராகப் பதிவாகியிருந்த லீசிங் நிறுவனமும் சம்மதிக்க, வேனைச் சாரதியிடமே கையளிக்கக் கட்டளை பிறந்தது. அதற்குள் பள்ளிக்கூடப் பிள்ளைகளை வேறொருவர் ஏற்றத் தொடங்கியிருந்தார். மழையில் நின்ற வேனின் நான்கு டயர்களும் காற்றிறங்கிக் கிடந்தன.

கட்டளையைத் தமிழில் இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். சேஸி இலக்கம் வந்த இடத்தில் என்னை நிறுத்தி, சட்டைப் பையிலிருந்த துண்டுக் கடதாசியை எடுத்து, ஒவ்வோர் எண்ணாக நகத்தால் தொட்டுச் சரிபார்த்தார்.