பேசுபவர் ஒருவர், சுடுபவர் ஒருவர்

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் வசந்தகால வான்கோழி வேட்டை ஏப்ரல் மாதத்தின் மூன்றாவது திங்கட்கிழமை தொடங்கி மூன்று வாரம் நடக்கும். அந்தத் திங்களன்று விடுப்புக் கேட்டால் எங்கள் அலுவலகத்தில் யாரும் காரணம் கேட்பதில்லை. முதல் வாரம் நண்பரோடு போவேன். கடைசி வாரம் தனியாகப் போவேன். போகும் காடும் எடுத்துப்போகும் துப்பாக்கியும் அவையேதான். இருந்தும் நண்பரோடு சேர்ந்து பழகிய வித்தை தனியாகப் போகும்போது பாதிக்கு மேல் கைகொடுப்பதில்லை.

செயின்ட் லூயிஸிலிருந்து 44ஆம் எண் நெடுஞ்சாலையில் ரோலா வரை வேகமாகப் போய்விடலாம். அங்கே பிரிந்தால் அடுத்து சேலம் வரும். ஆமாம், சேலம்தான், மாம்பழம் கிடைக்காது. சேலத்தைத் தாண்டியபின் 19ஆம் எண் சாலை வளைந்து நெளிந்து ஓசார்க் மலைக்குள் இறங்குகிறது. மலை என்பது மரியாதைக்குத்தான். கொடைக்கானல் பார்த்த கண்ணுக்கு இவை குன்றுகள். ஆனால் ஏற்ற இறக்கத்துக்கு முடிவே இராது. ரவுண்ட் ஸ்பிரிங் அருகே கரண்ட் ஆறு, எமினென்ஸ் என்ற சிற்றூரில் ஜாக்ஸ் போர்க் ஆறு. இரண்டையும் அமெரிக்க அரசு 1964ஆம் ஆண்டிலேயே சட்டம் போட்டுக் காப்பில் வைத்துவிட்டது. இன்னும் தெற்கே, வினோனா பக்கம் போனால் மார்க் ட்வைன் தேசியக் காடு. மாநிலத்தின் தென்பாதியில் துண்டு துண்டாகப் பரந்துகிடக்கும் இந்தக் காட்டின் பரப்பு ஏறத்தாழ 15 லட்சம் ஏக்கர். வேட்டை உரிமம் இருந்தால் போதும், எந்தப் பண்ணைக்காரரிடமும் போய் நிற்க வேண்டாம். ஏப்ரலில் இலை முழுதாக விடுவதற்கு முன்பே ரெட்பட் மரங்கள் இளஞ்சிவப்பாகவும் டாக்வுட் மரங்கள் வெள்ளையாகவும் பூத்திருக்கும். கைப்பேசிக்குச் சிக்னல் இராது. அதுவும் ஒரு வசதிதான்.

நம் ஊரில் வாசலில் வளர்த்து, போகிற வருகிற பிள்ளைகளைத் துரத்தும் வான்கோழியை நினைத்துக்கொண்டு இங்கே வரக்கூடாது. காட்டு வான்கோழி மெலிந்தது, கறுத்தது, வெயில் பட்டால் செம்பு நிறத்தில் மின்னுவது. பறக்கும். இரவில் உயரமான மரக்கிளையில்தான் அடையும். மோப்பம் அதற்கு இல்லையென்றே வைத்துக்கொள்ளலாம். அந்தக் குறையைக் கண் ஈடுகட்டிவிடுகிறது. நிறம் பிரித்துப் பார்க்கும். தலையைச் சற்றுத் திருப்பினால் போதும், முதுகுப் பக்கம்கூடத் தெரியும். 1950களின் தொடக்கத்தில் இந்த மாநிலத்தில் சில ஆயிரம் பறவைகளே மிஞ்சியிருந்தன. பண்ணையில் பொரித்த குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டுப் பார்த்தார்கள், அவை தேறவில்லை. பிறகு காட்டுப் பறவைகளையே பீரங்கி வலை (வெடிமருந்தால் பாய்ந்து மூடும் வலை) வீசிப் பிடித்து, பறவையற்ற மாவட்டங்களில் விட்டார்கள். அது பலித்தது. 1960இல் மீண்டும் வேட்டைப் பருவம் திறந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். விடியும்போது சேவல் மரத்தின் மேலிருந்தே கத்தும். காட்டின் வழக்கப்படி அந்தக் குரலைக் கேட்டுப் பெட்டைதான் சேவலைத் தேடிப் போக வேண்டும். வேட்டைக்காரன் பெட்டை மாதிரிக் குரல் கொடுத்து, சேவலைத் தன்னிடம் வரச்சொல்கிறான். முறை தலைகீழாகிவிடுகிறது. அதனால்தான் சேவல் பாதி தூரம் வந்து, அறுபது கஜத்தில் நின்று, தோகையை விரித்துக்கொண்டு காத்திருக்கும். 'இவ்வளவு தூரம் வந்துவிட்டேன், மீதியை நீ வா' என்று அர்த்தம். ரவைத் தோட்டா போட்ட துப்பாக்கிக்கு நாற்பது கஜம்தான் நம்பகமான தூரம். குறி வைப்பதும் தலைக்கும் கழுத்துக்கும் மட்டும். உடம்பில் பட்டால் காயத்தோடு ஓடிவிடும். வான்கோழி வேட்டையின் துயரமெல்லாம் இந்த இருபது கஜ இடைவெளிக்குள் நடக்கிறது.

இருவராகப் போனால் இதற்கு ஓர் எளிய வழி உண்டு. துப்பாக்கி வைத்திருப்பவர் முன்னால் உட்காருவார். குரல் கொடுப்பவர் முப்பது கஜம் பின்னால் உட்காருவார். சேவல் குரலிலிருந்து அறுபது கஜத்தில் நின்றால்கூட, சுடுபவரின் மடியில் நிற்பது போலத்தான்.

என் நண்பர் எழுபதைத் தாண்டிய பிளம்பர், ஓய்வுபெற்றவர். அடுத்த தெருக்காரர். இளவயதில் காதடைப்பு இல்லாமல் சுட்டுச் சுட்டு வலது காது போய்விட்டது. ஒற்றைக் காதுக்குச் சத்தம் கேட்கும், திசை தெரியாது. சேவல் கத்தியதும் புருவத்தை உயர்த்தி என்னைப் பார்ப்பார். நான் கையை நீட்டுவேன். குரல் கொடுப்பதில் எனக்கு அவர் குரு. திசை சொல்வதில் அவருக்கு நான் காது.

போன பருவத்தின் தொடக்கத்தில் ஒரு காலை. இருட்டிலேயே நடந்து ஒரு முகட்டில் நின்றோம். பள்ளத்தில் ஆந்தை ஒன்று எட்டு அசையில் கேள்வி கேட்பதுபோல் அலறியது. அந்த அலறல் அடங்குவதற்குள் கிழக்குச் சரிவிலிருந்து சேவல் பதில் கொடுத்தது. ஆந்தை அலறினாலும் காகம் கரைந்தாலும் சேவல் தன்னை அறியாமல் கத்திவிடும்; அடைந்திருக்கும் மரத்தைக் கண்டுபிடிக்க அதுதான் வழி. நான் கை காட்டினேன். இருநூறு கஜம் கிட்டே போய், என் தோளைவிட அகலமான ஓக் மரத்தடியில் நான் சாய்ந்துகொண்டேன். அவர் பின்வாங்கிப் போனார்.

அவருடைய கருவி ஒரு மரப்பெட்டி. மூடியின் விளிம்பில் சுண்ணக்கட்டி தேய்த்து, பெட்டியின் பக்கச்சுவர் மேல் இழுத்தால் பெட்டையின் குரல் வரும். அதை அவர் அதிகம் இழுப்பதில்லை. மூன்று, நான்கு சத்தம். பிறகு கையால் சருகைப் பரபரவென்று கிளறுவார், பெட்டை இரை பொறுக்குவது போல. பின்பு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு மெல்ல ஒரு சத்தம். கேட்பதற்குப் பெட்டை அலுத்துப்போய் விலகிப் போவது போலவே இருக்கும். இதை நான் எத்தனை முறை செய்து பார்த்தாலும், விலகிப்போகும் அந்த அலுப்பு வருவதில்லை.

சேவல் இறங்கி வந்தது. முதலில் நெஞ்சுக்குள் அதிர்வாக ஒரு முழக்கம். காதில் கேட்பதற்கு முன் உடம்பில் தெரிகிற சத்தம். பிறகு விரிந்த வால், பிறகு தலை. உச்சி வெள்ளை, கன்னம் நீலம், தொங்கும் சதை ரத்தச் சிவப்பு. இந்த மூன்று நிறத்திலும் துணி எதுவும் காட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது இங்கே பாலபாடம். வேறொரு வேட்டைக்காரன் நம்மையே சேவல் என்று நினைத்துவிடுவான். இருவராகப் போவதில் எனக்குப் பிடித்த இடம் இதுதான்: அந்தச் சேவல் என்னைப் பார்க்கவே இல்லை. அதன் கண் முழுதும் எனக்குப் பின்னால் சருகு கிளறுகிறவர் மேல். தலை ஒரு மரத்துக்குப் பின்னால் மறைந்த நேரம் துப்பாக்கியை உயர்த்தினேன். வெளியே வந்ததும் சுட்டேன்.

முதல் வாரத்தில் ஆளுக்கு ஒரு பறவைதான் அனுமதி. ஆகவே மறுநாள் அவர் முறை, நான் குரல் கொடுக்க வேண்டும். என் குரல் எவ்வளவு மோசம் என்று அவருக்கு முழுதாகக் கேட்காதது எங்கள் நட்புக்கு நல்லது. ஆனால் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நான் முப்பது கஜம் பின்னால் போய்விட்டால் சேவல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று அவருக்கு யார் சொல்வது? அதனால் அவரோடு ஒட்டி உட்காருகிறேன். இடப்பக்கம் வந்தால் இடது முழங்காலில் தட்டுவேன், வலப்பக்கம் வந்தால் வலது. ஒரே மரத்தடியில் குரலும் துப்பாக்கியும் இருந்தால் பழைய கதைதான். சேவல் அறுபது கஜத்தில் நின்று எங்கள் மரத்தையே உற்றுப் பார்க்கிறது. ஆள் இரண்டு, பயன் ஒன்றுக்குரியது. அசைவதற்கு மட்டும் ஓர் ஆள் கூடுதல்.

இருவராகப் போவதில் வேறு தொல்லைகளும் உண்டு. சேவல் கத்துவதை நிறுத்திவிட்டால் நான் எழுந்து சுற்றிப் போகலாம் என்பேன். "உட்கார். அது வந்துகொண்டிருக்கிறது" என்பார் அவர். அவர் சொன்னது பல நேரம் சரி. இருந்தாலும் ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு பேரம் நடத்த வேண்டியிருக்கிறது, அதுவும் கிசுகிசுப்பாக. ஒற்றைக் காதுக்காரரிடம் கிசுகிசுப்பது என்பது காடு முழுவதற்கும் அறிவிப்பது. அப்புறம் அவருடைய பிளாஸ்க். ஒன்பது மணிக்குக் காபி குடிக்காவிட்டால் அவருக்குத் தலை வலிக்கும்.

தனியாகப் போனால் இந்தப் பேரமெல்லாம் கிடையாது. கடைசி வாரத்தில் கிடப்பது வேறு காடு. இலை அடர்ந்து பார்வை தூரம் பாதியாகிவிடும். பெட்டைகள் முட்டையில் உட்காரப் போய்விடுவதால் பத்து மணிக்கு மேல் சேவல்கள் தனித்துத் திரியும். பொதுக் காட்டில் மதியம் 1 மணியோடு வேட்டை முடிந்துவிடும். அந்த மூன்று மணி நேரம்தான் தனியாளுக்கு வாய்ப்பு. மரப்பெட்டி இப்போது உதவாது, அதற்கு இரண்டு கை வேண்டும். வாய்க்குள் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் சிறு ரப்பர்ச் சவ்வு ஒன்று இருக்கிறது. அதில் ஊதினால் கை இரண்டும் துப்பாக்கியில் இருக்கலாம். பழகும் வரை குமட்டும்.

பின்னால் இருந்து குரல் கொடுக்க ஆள் இல்லாததால் அந்த வேலையை நிலத்திடம் கொடுக்க வேண்டியிருக்கிறது. முகட்டின் விளிம்பிலிருந்து முப்பது கஜம் உள்ளே தள்ளி உட்காருகிறேன். குரல் வந்த இடத்தைப் பார்க்க வேண்டுமானால் சேவல் விளிம்பின்மேல் ஏறியாக வேண்டும். ஏறிவிட்டால் தூரம் சரியாகிவிடும். இந்த உபாயம் பலித்ததுண்டு. பலிக்காத நாட்களே அதிகம். சேவல் தன்னிடம் பேசுகிற இடத்தைத்தான் நேராகப் பார்க்கிறது, அந்த இடத்தில் இருப்பது நான். கண் சிமிட்டுவதற்குக்கூடக் கணக்குப் பார்க்க வேண்டும்.

முதுகைக் காக்கவும் ஆள் இல்லை. ஒரு மே மாதக் காலை சவ்வை மெல்ல ஊதிக்கொண்டிருந்தேன். இடது தோளுக்குப் பின்னால் சருகு ஒருமுறை, ஒரே முறை, நொறுங்கியது. முதுகில் ஓடுள்ள அர்மடில்லோ என்ற விலங்கு என்றால் புல்டோசர் மாதிரி வரும், இது அப்படியில்லை. கண்ணை மட்டும் ஓட்டினேன். பத்தடியில் காட்டுப்பூனை. வயிறு தரையில் ஒட்ட, முன்னங்கால் ஒன்று பாதி தூக்கியபடி நின்றது. குட்டை வால் நுனி மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. பெட்டையின் குரலைக் கேட்டு நம்பி வந்திருக்கிறது. என் முகத்திரைக்குள் கண் அசைந்ததைப் பார்த்ததும் அதன் காது இரண்டும் பின்னுக்குப் படிந்தன. வந்த சுவடு தெரியாமல் திரும்பிப் போய்விட்டது. என் குரலை அவ்வளவு முழுமையாக ஒப்புக்கொண்ட முதல் உயிர் அதுதான். நண்பர் பின்னால் இருந்திருந்தால் அந்தப் பூனை அவரிடம் போயிருக்கும், அவருக்குக் கேட்டிருக்கவும் கேட்காது.

உண்ணி இருவரையும் சமமாக நடத்துகிறது. இந்தப் பக்கத்தில் முதுகில் ஒற்றை வெள்ளைப் புள்ளியோடு ஓர் உண்ணி உண்டு. அது கடித்துச் சிலருக்கு ஆட்டுக்கறி, மாட்டுக்கறி எல்லாம் ஒவ்வாமல் போய்விடுகிறது. பறவைக் கறிக்கு அந்தத் தடை இல்லை என்பதை நண்பர் வான்கோழி வேட்டைக்குச் சாதகமான வாதமாகவே சொல்வார்.

பறவை விழுந்தால் அன்றிரவு 10 மணிக்குள் இயற்கைப் பாதுகாப்புத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். முதிர்ந்த சேவல் எட்டு, ஒன்பது கிலோ தேறும். அதைச் செம்மஞ்சள் துணியில் சுற்றித்தான் தோளில் போடவேண்டும், நிறப் பிரச்சினை அப்போதும் தொடர்வதால். இருவராக இருந்தால் மாறி மாறிச் சுமக்கலாம். நெஞ்சுக்கறியை அவர் மாவில் புரட்டிப் பொரிப்பார். காலும் தொடையும் ரப்பர் என்று சொல்லி என்னிடம் தள்ளிவிடுவார். நான் அதை மிளகும் தேங்காயும் அரைத்துவிட்டு குக்கரில் குழம்பாக வைப்பேன். குழம்பைச் சாப்பிட்ட பிறகும் அவர் பங்கை மாற்றிக்கொள்ளவில்லை. கிண்ணத்தோடு என் வீட்டுக்கு வருகிறார்.

எனக்கு எது பிடிக்கும் என்று கேட்டால் தனிமைதான், தயங்காமல் சொல்வேன். பறவை கிடைப்பது நண்பரோடு. ஆனால் தேர்ந்தெடுக்கும் வசதி எனக்கு மட்டும்தான் இருக்கிறது. அவர் தனியாகப் போவதை நிறுத்திப் பல வருடமாகிறது. பறவைக்காக அல்ல. வேறொரு வேட்டைக்காரன் வந்தால் எந்தப் பக்கம் என்று தெரியாத ஆள் துப்பாக்கியோடு காட்டில் இருக்கக்கூடாது என்று அவரே முடிவு செய்துகொண்டார்.

வரும் பருவத்துக்கு அவருடைய பேத்தி எங்களோடு வருகிறாள். பதினொரு வயது, கூர்மையான காது. அவள் தாத்தாவோடு மரத்தடியில் உட்கார்ந்து முழங்காலில் தட்டுவாள், நான் முப்பது கஜம் பின்னால் போய்ப் பெட்டியை இழுப்பேன். போன வாரம் அவர் வீட்டுக் கொல்லையில் ஒத்திகை பார்த்தோம். என் குரலைக் கேட்டுவிட்டு அந்தப் பெண், பெட்டியைத் தானே இழுக்கலாமா என்று தாத்தாவிடம் கேட்டாள். அவர் யோசித்துக்கொண்டிருக்கிறார்.