அல்ஸ்டர் கிளப் கால்பந்து: மேட்ச் அபாரம், ஞாயிற்றுக்கிழமை பஸ் அநியாயம்

திரும்பி வந்த சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். வட அயர்லாந்தில் ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை நம்பி மேட்ச் பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு முதல் எச்சரிக்கை: போவது சுலபம், திரும்புவதுதான் பெரும்பாடு. அயர்லாந்தின் வடக்கு மாகாணமான அல்ஸ்டரின் கிளப்புகள் கேலிக் கால்பந்தில் (கையாலும் காலாலும் ஆடும் அயர்லாந்தின் சொந்த ஆட்டம்) மோதும் அல்ஸ்டர் கிளப் சாம்பியன்ஷிப் அக்டோபர் கடைசியில் சூடு பிடித்து டிசம்பர் முதல் வாரவாக்கில் முடிகிறது. மேட்ச்சுகள் பெரும்பாலும் சனி மாலை அல்லது ஞாயிறு மதியம். மைதானங்கள் இருப்பதோ பெரும்பாலும் தண்டவாளமே இல்லாத ஊர்களில். ஆர்மாவுக்கும் க்ளோனிஸுக்கும் 1957-லேயே ரயிலை நிறுத்திவிட்டார்கள், ஓமாவுக்கு 1965-ல். அதற்குப் பதிலாக வந்த பஸ், வார நாளில் ஒழுங்காக ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை பாதிக்குப் பாதி காணாமல் போய்விடுகிறது. கேலிக் கால்பந்துக்கு ஆயிரக்கணக்கில் கூட்டம் கூடும் நாள் அதுதான் என்று தெரிந்தும் இப்படித்தான். இதைவிடப் பொறுப்பில்லாத ஏற்பாடு இருக்க முடியாது.

டப்ளினிலிருந்து ஆர்மா போவதற்கு, பெல்ஃபாஸ்ட் போகும் எண்டர்பிரைஸ் ரயிலில் போர்ட்டடவுன் வரை, பிறகு பஸ். 2024 அக்டோபரிலிருந்து வார நாள்களில் மணிக்கு ஒன்று ஓடுகிறது, ஞாயிற்றில் குறைவு. நியூரியில் இறங்காதீர்கள். அந்த ஸ்டேஷன் ஊருக்கு வெளியே இருக்கிறது, பஸ் நிலையத்துக்கு வர இன்னொரு வண்டி பிடிக்க வேண்டும். போர்ட்டடவுன் ஸ்டேஷன் ஊருக்குள்ளேயே இருக்கிறது. அங்கிருந்து ஆர்மா 18 கி.மீ. போல. பெல்ஃபாஸ்டில் தங்குகிறவர்களுக்கு இன்னும் வசதி. 2024-ல் திறந்த கிராண்ட் சென்ட்ரல் ஸ்டேஷனில் ரயிலும் பஸ்ஸும் ஒரே கூரையின் கீழ். 251 கோல்ட்லைன் பஸ் நேராக ஆர்மாவில் கொண்டுவந்து விடுகிறது, ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல். ஓமாவுக்கு என்றால் டப்ளினிலிருந்தே மாறாமல் போகலாம்: கோல்ட்லைன் எக்ஸ்3, பஸ் ஏரன் 32, இரண்டுமே டப்ளின் விமான நிலையம், மொனஹன் வழியாக ஓமா போகின்றன. டப்ளினிலிருந்து கார் இல்லாமல் சிக்கலின்றிப் போக முடிகிற இடம் ஓமா. க்ளோனிஸ் பழம்பெரும் மைதானம், மலைச்சரிவில் அமைந்த அழகான இடம். ஆனால் கார் இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கமே போகாதீர்கள்.

திரும்பும் பஸ்ஸை எப்படிக் கணக்குப் பண்ணுவது? கிளப் மேட்ச் 60 நிமிடம், பாதிக்கு 30. இடைவேளையும் நின்றுபோகும் நேரமும் சேர்த்து ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டம் சமனில் முடிந்தால் கூடுதல் நேரம், பத்துப் பத்து நிமிடமாக இரண்டு பாதி. நடுவில் பேசிக்கொள்ளும் நேரமும் சேர்ந்தால் அரை மணி. அதிலும் சமன் என்றால் பெனால்டி, இன்னொரு கால் மணி. ஆக 1.30-க்குத் தொடங்கும் மேட்ச் 3 மணிக்கும் முடியலாம், 3.45-க்கும் முடியலாம். மைதானத்திலிருந்து வெளியேறி ஆர்மா பஸ் நிலையத்துக்கு நடக்க இன்னும் 20 நிமிடம். 4.30-க்கு முன்னால் கிளம்பும் எந்த பஸ்ஸுக்கும் டிக்கெட் எடுக்காதீர்கள். இணையத்தில் நேரம் பார்க்கும்போது தேதியை மறக்காமல் ஞாயிறாக மாற்றுங்கள். அட்டவணை தானாக வார நாளைக் காட்டும், அதை நம்பித்தான் முக்கால்வாசிப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள்.

பஸ்ஸைத் தவறவிட்டால் டாக்ஸிதான். அங்கே பர்ஸ் காலி. டிசம்பர் தொடக்கத்தில் ஆர்மாவில் நாலு மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். இருட்டில், மழையில், ஐந்து டிகிரிக் குளிரில் நிற்கிறவனிடம் வாய்க்கு வந்த தொகையைச் சொல்கிறார்கள் சில டிரைவர்கள். வட அயர்லாந்தில் டாக்ஸிக்கு அதிகபட்சக் கட்டணம் அரசு நிர்ணயித்தது. ஞாயிறு கட்டணம் வார நாள் பகலைவிடக் கூடுதல் என்பது உண்மை. அதற்காக இரு மடங்கு வாங்க யாருக்கும் உரிமை இல்லை. ஏறுவதற்கு முன்னால் “மீட்டர் போடுவீர்களா?” என்று கேளுங்கள், இறங்கும்போது ரசீது கேளுங்கள். இந்த இரண்டு கேள்வியிலேயே விலை இறங்கிவிடும். அதைவிட நல்லது, முந்தின நாளே போனில் சொல்லிவைத்து, போர்ட்டடவுன் வரைக்கும் தொகை பேசி, நாலு பேராகப் பிரித்துக்கொள்வது. கூட வர ஆள் கிடைப்பது கஷ்டமே இல்லை. மைதானத்தில் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டாலே போதும். பாதிப் பேர் தங்கள் காரிலேயே ஏற்றிக்கொள்வார்கள்.

இவ்வளவு பாடு எதற்கு என்றால், அயர்லாந்தில் இதற்கு இணையான ஆட்டம் வேறு கிடையாது என்பதால். ஜூலையில் டப்ளின் க்ரோக் பார்க்கில் கவுண்டி (மாவட்டம்) அணிகள் ஆடுவதைப் பார்த்துவிட்டு கேலிக் கால்பந்து பார்த்தாயிற்று என்று சொல்லிக்கொள்கிறவர்கள் பாதியைத்தான் பார்த்திருக்கிறார்கள். அல்ஸ்டரில் ஒன்பது கவுண்டி. ஆறு வட அயர்லாந்தில், டோனெகல், கேவன், மொனஹன் மூன்றும் குடியரசில். ஒவ்வொரு கவுண்டியின் சாம்பியன் கிளப்பும் இங்கே வருகிறது. ஒரு முதற்சுற்று, நாலு கால் இறுதி, இரண்டு அரை இறுதி, ஒரு இறுதி. மொத்தமே எட்டு மேட்ச். தோற்றால் வீடு.

கிளப் என்றால் பெரும்பாலும் ஒரு கத்தோலிக்கப் பங்கு, சில கிராமங்கள். ஆட்டக்காரருக்குச் சம்பளம் கிடையாது. ஆளை விலைக்கு வாங்கவும் முடியாது. கில்கூ, மோர்ன் மலையடிவாரத்தில் ஒரு சின்னக் கிராமம். 2022 பிப்ரவரியில் க்ரோக் பார்க்கில், டப்ளின் புறநகரின் மாபெரும் கிளப்பான கில்மக்கட் க்ரோக்ஸைக் கூடுதல் நேரத்தின் கடைசி நொடிகளில் ஜெரோம் ஜான்ஸ்டன் அடித்த கோலால் வீழ்த்தி அகில அயர்லாந்துப் பட்டத்தை எடுத்துக்கொண்டு போனது. டெரியில் மஹெரா ஊரின் க்ளென் கிளப்புக்கு 2021 வரை கவுண்டிப் பட்டம்கூடக் கிடையாது. 2022, 2023 இரண்டு ஆண்டும் அல்ஸ்டர் வென்று, 2024 ஜனவரியில் அகில அயர்லாந்தும் வென்றுவிட்டார்கள். அவர்களுக்குப் பக்கத்து ஊர் ஸ்லாக்நீல், 2016-ல் ஒரே ஆண்டில் கால்பந்து, ஹர்லிங் (மட்டையால் ஆடும் பந்தாட்டம்), அதன் பெண்கள் வடிவமான கமோகி மூன்றிலும் அல்ஸ்டர் பட்டம் எடுத்த ஊர். கால்பந்திலும் ஹர்லிங்கிலும் கணிசமாக அதே ஆட்கள்தான். இந்த வாரம் ஒன்று, அடுத்த வாரம் இன்னொன்று.

எல்லோருக்கும் மேலே தெற்கு ஆர்மாவின் கிராஸ்மக்லென் கிளப். 1996-லிருந்து 2015-க்குள் 11 அல்ஸ்டர் பட்டம், ஆறு அகில அயர்லாந்து. பிரிட்டிஷ் ராணுவ முகாம் பல பத்தாண்டுகள் அவர்கள் மைதானத்தை ஒட்டி, கிளப் நிலத்தில் ஒரு பகுதியையும் பிடித்துக்கொண்டு நின்றது. அந்த நிலையிலும் ஆடி ஜெயித்தவர்கள். தெற்கு ஆர்மா ஆள் யாரோடு பேச்சுக் கொடுத்தாலும் இது தானாக வந்துவிடும். பொறுமையாகக் கேளுங்கள், அவர்கள் சொல்லித்தான் கேட்க வேண்டும். டைரோன்காரர்களின் குறை வேறு. அவர்கள் கவுண்டிப் போட்டியே அவ்வளவு கொடூரம். கார்ரிக்மோர் கிளப் 2004, 2005 என்று அடுத்தடுத்து வென்ற பிறகு பட்டத்தைத் தக்கவைக்க ஒவ்வொரு சாம்பியனும் திணறினார்கள். அல்ஸ்டருக்கு வரும்போதே சக்கையாகிவிடுவார்கள். எரிகல் கியரான் கிளப் மட்டும் 1993, 2002, 2024 என்று மூன்று முறை அதையும் தாண்டி அல்ஸ்டர் வென்றிருக்கிறது.

ஆட்டம் தெரியாமல் போனால் முதல் பத்து நிமிடம் குழம்பும். பக்கத்துக்கு 15 பேர். கோல் போஸ்ட் ஆங்கில எச் எழுத்து வடிவம். பந்து குறுக்குக் கம்பத்துக்கு மேலே போனால் ஒரு புள்ளி, கீழே வலைக்குள் போனால் கோல், அதற்கு மூன்று புள்ளி. பலகையில் 1-8 என்றிருந்தால் ஒரு கோல், எட்டுப் புள்ளி, ஆக 11. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நாலு காலடிதான் ஓடலாம். பிறகு தரையில் தட்ட வேண்டும் அல்லது காலால் தட்டிக் கைக்கே திருப்ப வேண்டும். தொடர்ந்து இரண்டு முறை தரையில் தட்டக்கூடாது. தரையில் கிடக்கும் பந்தைக் கையால் அள்ளக்கூடாது, கால்விரலால் நெம்பித்தான் எடுக்க வேண்டும். மழையில் வழுக்கும் பந்தை மூன்று பேர் மேலே விழுந்துகொண்டிருக்கும்போது ஒருவன் குனிந்து காலை நுழைத்து நெம்பி எடுப்பதை மூன்று மீட்டர் தூரத்தில் நின்று பாருங்கள். டிவியில் இது தெரியவே தெரியாது.

கொடியைக் கவனித்தால் புள்ளி புரிந்துவிடும். ஒவ்வொரு போஸ்ட் பக்கத்திலும் ஓர் அம்பயர். வெள்ளைக் கொடி ஒரு புள்ளி, பச்சை கோல், ஆரஞ்சு இரண்டு புள்ளி. இந்த ஆரஞ்சுக் கொடி 2025-ல் வந்தது. முன்னாள் டப்ளின் பயிற்சியாளர் ஜிம் கவின் தலைமையிலான குழு எழுதிய புது விதிகளில் கோலிலிருந்து 40 மீட்டர் வளைவுக்கு வெளியிலிருந்து உதைத்து மேலே போட்டால் இரண்டு. கீப்பர் அடிக்கும் கிக்அவுட் அந்த வளைவைத் தாண்டியே ஆக வேண்டும். மைதானத்தின் இரண்டு பாதியிலும் தன் ஆள் மூன்று பேரையாவது ஓர் அணி எப்போதும் நிறுத்தி வைக்க வேண்டும். அதற்கு முன்னால் அல்ஸ்டர் ஆட்டம் என்றால் 14 பேரும் கோலை அடைத்துக்கொண்டு நிற்க, எதிரணி பந்தைப் பக்கவாட்டிலேயே தட்டிக்கொண்டிருக்கும். பணம் கொடுத்துப் போனவன் கொட்டாவி விட வேண்டியதுதான். புது விதிதான் ஆட்டத்தைக் காப்பாற்றியது. பழைய ஆட்கள் சிலர் இன்னும் முணுமுணுக்கிறார்கள், அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லை.

டிக்கெட் ஆன்லைனில் எடுங்கள். கேட்டில் காசு வாங்கி உள்ளே விடுவார்கள் என்று நம்பிப் போகாதீர்கள். இருக்கை எண் பெரும்பாலும் கிடையாது, முன்னால் வந்தவருக்கு இடம். ஆர்மா மைதானம் 18,000 பேருக்கு மேல் கொள்ளும். கூரை இருப்பது பிரதான ஸ்டாண்டில்தான். மழை வரும் என்றால் ஒரு மணி நேரம் முன்னால் போய் அங்கே இடம் பிடியுங்கள். குடையை விரித்தால் பின்னால் இருப்பவர் திட்டுவார். தலைமூடியுள்ள மழைக்கோட்டு, இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை, இதுதான் வேண்டும். கான்கிரீட் படியில் இரண்டு மணி நேரம் நின்றால் குளிர் பாதத்திலிருந்துதான் ஏறுகிறது.

எந்தக் கவுண்டியோடு எந்தக் கவுண்டி என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். ஆனால் எந்த கிளப், எந்த நாள், எத்தனை மணிக்கு என்பது டிவிக்காரர்கள் தேர்ந்தெடுத்த பிறகுதான் முடிவாகும், சில சமயம் ஒரு வாரத்துக்கு முன்னால்தான். அதனால் ரத்து செய்யக்கூடிய அறையாகப் பாருங்கள். நவம்பர் நடுவிலிருந்து பெல்ஃபாஸ்ட் சிட்டி ஹாலில் கிறிஸ்துமஸ் சந்தை போடுகிறார்கள். அந்த வார இறுதிகளில் அறை வாடகை எகிறிவிடும். பவுண்டு நூறு ரூபாய்க்கு மேல் போகிற காலத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

செலவைக் குறைக்க நல்ல வழி காலையிலேயே ஒரு அல்ஸ்டர் ஃப்ரை சாப்பிட்டுவிடுவது. பத்து மணிக்குச் சாப்பிட்டால் மேட்ச் முடியும் வரை பசிக்காது. முட்டை, சாசேஜ், பேக்கன், தக்காளி எல்லாம் எங்கும் கிடைக்கும். இங்கே விசேஷம் சோடா ரொட்டியும் உருளைக்கிழங்கு ரொட்டியும். வேகவைத்து மசித்த கிழங்கு நாலு பங்குக்கு மாவு ஒரு பங்கு, வெண்ணெய், உப்பு. அரை சென்டிமீட்டர் கனத்துக்கு வட்டமாகத் தேய்த்து நாலாக வெட்டி, தோசைக்கல் போன்ற இரும்புத் தட்டில் எண்ணெய் இல்லாமல் இரு பக்கமும் சுட்டு, பிறகு பேக்கன் கொழுப்பில் பொரிக்கிறார்கள். கிழங்கு சூடாக இருக்கும்போதே பிசைய வேண்டும். ஆறிவிட்டால் மாவு அதிகம் இழுத்து ரொட்டி அட்டையாகிவிடும், மலிவான கடைகளில் கிடைப்பது அதுதான். ஓரம் மொறுமொறுவென்று, உள்ளே வெண்ணெய் போல் குழைந்திருந்தால் சரியான கடைக்கு வந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். அந்த ரொட்டியை முட்டை மஞ்சள் கருவில் தொட்டுச் சாப்பிட்ட ருசி இன்னும் நாக்கில் நிற்கிறது! சைவம் என்றால் தனிச் சட்டியில் வெண்ணெயில் பொரிக்கச் சொல்லுங்கள், செய்வார்கள். மைதான வண்டியில் விற்கும் கர்ரி சிப்ஸைத் தொடாதீர்கள், மேலே ஊற்றுவது இனிப்பான மாவுக் குழம்பு. டீ மட்டும் வாங்கிக் கையைச் சூடேற்றிக்கொள்ளுங்கள்.

எல்லையில் சோதனைச் சாவடி கிடையாது, ஆனால் விசா விதி உண்டு. இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் விசாவில் பி.ஐ.வி.எஸ். (பிரிட்டிஷ்-ஐரிஷ் விசா திட்டம்) என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒரே விசாவில் இரண்டு பக்கமும் போகலாம், முதலில் விசா கொடுத்த நாட்டில் இறங்க வேண்டும். டப்ளினில் கார் எடுத்தால் எல்லை தாண்ட அனுமதி உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள். டப்ளினைச் சுற்றிவரும் எம்50 சாலையில் சுங்கச்சாவடியே இருக்காது. சுங்கத்தை மறுநாள் இரவு 8 மணிக்குள் ஆன்லைனில் கட்டாவிட்டால் அபராதம். எல்லைக்கு வடக்கே வேகப் பலகை மைலில். 30 என்று போட்டிருந்தால் 48 கி.மீ. வட அயர்லாந்து வங்கிகளே அச்சடிக்கும் பவுண்டு நோட்டுகளை அங்கேயே செலவழித்துவிடுங்கள், லண்டன் கடைகளில் வாங்கத் தயங்குவார்கள்.

ஒரே ஒரு மேட்ச்சுக்குத்தான் காசும் நாளும் இருக்கிறதென்றால் இறுதியாட்டத்துக்காகக் காத்திருக்காதீர்கள். கால் இறுதிக்குப் போங்கள். உள்ளூர் கிளப் சொந்தக் கவுண்டி மைதானத்தில் ஆடும், கூட்டம் காதைப் பிளக்கும், டிசம்பரைவிட நவம்பர் தொடக்கத்தில் தரையும் காய்ந்திருக்கும். அட்டவணை வந்ததும் டைரோன் சாம்பியனுக்குச் சொந்த மைதான ஆட்டமா என்று முதலில் பாருங்கள். ஆம் என்றால், டைரோனின் மைதானம் இருக்கும் ஓமாவுக்கு எக்ஸ்3-ல் உடனே டிக்கெட் போட்டுவிடலாம்.