ஆச்சி சொன்ன 'சவம்'

சென்ற மாதம் அம்பாசமுத்திரத்து வீட்டில், எண்பதைத் தாண்டிய என் ஆச்சிக்குப் பாஸ்டன் டைனமிக்ஸ் நிறுவனத்தின் ரோபோக் காணொளிகளைக் காட்டிக்கொண்டிருந்தேன். அட்லஸ் என்னும் ரோபோ 2017-இல் பின்பக்கமாகக் கரணம் அடித்துப் பலரை வாய்பிளக்க வைத்த காட்சி அவரை அசைக்கவில்லை. கழைக்கூத்தாடிகள் நாலணாவுக்குச் செய்ததுதானே என்றார்.

அந்த அட்லஸ் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கியது. ஜேசிபியின் கையைத் தூக்குகிற அதே முறைதான். 2024 ஏப்ரலில் அதற்கு விடைகொடுத்து வெளியிட்ட காணொளியில், அது தடுக்கி விழுவதையும் உடலிலிருந்து எண்ணெய் ஒழுகுவதையும் மறைக்காமல் காட்டியிருந்தார்கள். மறுநாளே, முழுக்க மின்மோட்டார்களால் இயங்கும் புதிய அட்லஸ் வந்தது. தரையில் கிடந்த அது, இரு கால்களையும் இடுப்பின் இருபுறமும் மடக்கிப் பாதங்களைப் பதித்து, கை ஊன்றாமல் எழுந்து, தலையையும் உடலையும் தனித்தனியே அரைவட்டம் திருப்பி நம்மைப் பார்த்தது.

"சவம், எப்படி எந்திரிக்கு பாரு!" என்றார் ஆச்சி.

எங்கள் பக்கத்தில் 'சவம்' என்பது பால் பொங்கி வழிந்தாலும் வாயில் வருகிற வசைச்சொல் என்பதால், அவர் திட்டினாரா, கண்டதைச் சொன்னாரா என்று எனக்கு விளங்கவில்லை. ஜப்பானியப் பொறியியலாளர் மசஹிரோ மோரி 1970-இல் எழுதிய கட்டுரையில், மனிதச் சாயல் கூடக்கூட ரோபோவின்மீது நம் ஈர்ப்பும் கூடும் என்றும், ஏறக்குறைய மனிதராகிவிட்ட ஓரிடத்தில் அது சட்டென்று பள்ளத்தில் சரியும் என்றும் சொன்னார். அந்தப் பள்ளத்தில் அவர் குறித்து வைத்ததும் பிணத்தைத்தான். அசைவும் சேர்ந்தால் பள்ளம் இன்னும் ஆழமாகும் என்று, அதனடியில் நடமாடும் பிணத்தை வைத்தார்.

ஆனால் புதிய அட்லஸுக்கு முகமே இல்லை. வளையமாக ஒரு விளக்குதான். ஆகவே சாயல் மட்டுமே காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆச்சி தரையிலிருந்து எழுந்தால் ஒரு கை தரையிலும் ஒரு கை முழங்காலிலும் இருக்கும், பாதி வழியில் ஒரு "முருகா" வரும். உடம்பின் பாரத்தோடு மல்லுக்கட்டாமல் நம்மில் யாரும் எழுவதில்லை. அந்த மல்லுக்கட்டு துளியும் இல்லாமல், நம் மூட்டுகள் போகாத திசையில் மடங்கி, மனித உருவில் ஒன்று எழுந்து நின்றதுதான் வயிற்றைக் கலக்கியது.

இதற்கு நேர்மாறாக, அதே நிறுவனத்தின் பழைய பிக்டாக், தலையே இல்லாத நாலுகால் இயந்திரம், பெட்ரோல் எஞ்சின் இரைய நடக்கையில் ஒருவர் எட்டி உதைக்க, பக்கவாட்டில் தள்ளாடிச் சமாளித்துக்கொண்ட காட்சியில் ஆச்சி பதறிவிட்டார். "வாயில்லாச் சீவனப் போயி மிதிக்கானே, வெளங்குவானா?" அதற்கு உயிரில்லை என்று நான் இருமுறை சொல்லியும் பயனில்லை.

அது இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டார். அதன் வழிவந்த பெரிய ரோபோவைச் சத்தம் அதிகம் என்று அமெரிக்கப் படை 2015-இல் வேண்டாமென்று ஒதுக்கிவிட்டது என்றேன். ஆச்சிக்கு அதில் மனத்தாங்கல்.